பதினான்கு ஜோடிச் செருப்புகள்

பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேர்தான் வேலை செய்யலாம் என்பது சட்டம். அச்சங்குளம் பக்கத்து ஆலை ஒன்றின் மூன்றாம் அறையில் பதினான்கு பேர் வேலை செய்தார்கள். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் பத்துப் பேர் பின்பக்கமாக மறைந்து, சட்டத்துக்கு உரிய மரியாதையைச் செலுத்துவார்கள்.

அப்படி ஒரு நாளில், 2006இல், யோகலட்சுமி அங்கே கேமராவோடு போனாள். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பியவள். மறைந்த பத்தில் அவள் சித்தி வள்ளித்தாயும் ஒருத்தி. அறைக்குள் செருப்புப் போடக்கூடாது. ஆகவே உள்ளே நான்கு தொழிலாளர்கள், வாசலில் பதினான்கு ஜோடிச் செருப்புகள்.

அதைப் படமெடுத்து ஸ்கிரீன் பிரிண்ட் போட்டாள். உள்ளே இருந்தவர்கள் செருப்பு கறுப்பு மையில். இல்லாதவர்கள் செருப்பு புகை நிறத்தில். ஓர் அதிகாரி எண்ணிப் பார்த்தால் போதும், அறையில் கூட்டம் குறையும், ஒரு பொறி பட்டாலும் சித்தி தப்பி ஓட அந்த அறையில் இடமிருக்கும் என்று நம்பினாள்.

விருதுநகரில் கண்காட்சி. ஆய்வாளர் லட்சுமிகாந்தம் ரிப்பன் வெட்டினார். படத்தின் முன் வெகுநேரம் தலையைச் சாய்த்து நின்றார். கண்காட்சிகளில் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நினைவு, இன்மை… ரொம்ப ஆழமா இருக்கும்மா."

"எண்ணிப் பாருங்க சார்."

"கலையை எண்ணக்கூடாதும்மா. அனுபவிக்கணும்."

"அன்னைக்கு நீங்களும் உள்ளதான் இருந்தீக. அந்த ஓரத்துல கிடக்கிறது உங்க ஷூ."

ஆய்வாளர் குனிந்தார். விரல் விட்டு எண்ணினார்.

"பதினஞ்சு ஜோடி."

"உங்களதைக் கழிச்சிருங்க சார்."

"பதினாலு. பெரிய விதிமீறலாச்சே. இதை நான் விடப்போறதில்ல."

அந்தச் சந்தோஷத்தில் அன்று யோகலட்சுமி இரண்டு காபி குடித்தாள்.

மறுவாரமே எல்லா ஆலைகளுக்கும் சுற்றறிக்கை பறந்தது: 'பணியறை வாசலில் நான்கு ஜோடிக்கு மேற்பட்ட காலணிகள் காணப்படுதல் கடுங்குற்றமாகக் கருதப்படும்.' இணைப்பாக அவள் படம். கீழே ஒரு குறிப்பு: 'புகை நிறத்தில் உள்ளவை அப்புறப்படுத்தப்பட வேண்டியவை.'

அடுத்த ஆய்வு நாளில் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். உள்ளே நான்கு பேர். வாசலில் நான்கு ஜோடி. லட்சுமிகாந்தம் ஷூவைக் கழற்றாமல் வெளியே நின்றபடியே பதிவேட்டில் 'மிகவும் திருப்திகரம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அவள் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். கருவேலங்காட்டுக்குள் பத்துப் பேரும் குத்தவைத்திருந்தார்கள்.

"வா தாயி," என்றாள் வள்ளித்தாய், காலை நீட்டிக் காட்டியபடி. "இம்புட்டு வருசமா ஆபீசர் வந்தா வெறுங்காலோட இந்த முள்ளுக்குள்ள ஓடியாந்தோம். ஒன் படத்தாலதான் இப்பம் செருப்போட ஓடியாறோம். நீ நல்லா இருக்கணும்."