நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிய நரி

ஒரு காட்டில், சிங்கம் ஓய்வுபெற்று ஊருக்குப் போய், அலுவலகங்கள் ஆளத் தொடங்கியிருந்த காலத்தில், செங்கோடன் என்றொரு கீரி ஓடைக்கரை வளையில் குடியிருந்தது. போன மழையில் வெள்ளம் வளைக்குள் புகுந்து ஒரு குட்டியைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இரண்டு குட்டிகள். இந்த வருஷத்து மழை மேற்கு மலையில் இறங்கிவிட்டது என்று தவளைகள் பேசிக்கொண்டன.

அந்த நேரத்தில்தான் கோழிகள் கூட்டுறவுச் சங்கத்தில் காவலாளி வேலை காலியானது. சம்பளம் சுமார். ஆனால் வேலையோடு மேட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். கல் சுவர், ஓட்டுக் கூரை.

"அந்த அறைக்காகவாவது போய்க் கேளுங்க," என்றது மனைவி பவளம். "இன்னொரு மழைக்கு இந்த வளையில உட்கார என்னால முடியாது."

செங்கோடன் போய்க் கேட்டது. சங்கத் தலைவி கொண்டையம்மாளுக்குக் கீரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடைகாக்கும் கொட்டகையில் பாம்புத் தொல்லை தாங்க முடியவில்லை.

"பாம்பு பிடிப்பியாப்பா?"

"அது ஒண்ணுதாம்மா எனக்கு ஒழுங்கா வரும்."

"அப்ப நாளைக்கே வந்து சேர்ந்துக்க. உன் பேர்ல கேஸ் எதுவும் இல்லேன்னு ஸ்டேஷன்ல ஒரு சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துடு."

செங்கோடனின் வால் தரையில் விழுந்தது.

சங்கத்தின் விதி அது. முன்பு ஒரு பூனையைச் சிபாரிசில் காவலுக்கு எடுத்திருந்தார்கள். குஞ்சுகள் குறைந்தன. விசாரணைக் குழு போட்டார்கள். தவறு பூனையைச் சேர்த்ததில் இல்லை, சான்றிதழ் இல்லாமல் சேர்த்ததில்தான் என்று குழு கண்டுபிடித்தது. அன்றுமுதல் ஆளைப் பார்த்து வேலை கொடுப்பதில்லை. சான்றிதழைப் பார்த்துத்தான்.

செங்கோடன் பேரில் ஒரு கேஸ் இருந்தது. பஞ்ச காலத்தில் மரகதம் என்ற கவுதாரியின் கூட்டிலிருந்து அது ஒரு முட்டையை எடுத்தது. தடுக்க வந்த மரகதத்தின் கழுத்தையும் கவ்வியது. அப்புறம் மனசு கேட்காமல் விட்டுவிட்டது. விடப்பட்ட கவுதாரி நேராக ஸ்டேஷனுக்குப் போனது. தண்டனையாகச் செங்கோடன் ஒரு கோடை முழுக்க ஸ்டேஷன் வாசலைப் பெருக்கியது. மேற்பார்வை பார்த்தவர் ஏட்டு ஆமை. உத்தியோகத்தில் இருப்பதால் அவரை 'அது' என்று சொல்வதற்கில்லை.

"நீ நல்லாத்தான்டா பெருக்கினே," என்றார் ஏட்டு, இப்போது சான்றிதழ் கேட்டு வந்து நின்ற செங்கோடனிடம்.

"அதை எழுதுங்க ஏட்டய்யா."

"எங்க எழுதறது? கேஸ் உண்டு, கேஸ் இல்லை. ரெண்டே கட்டம்தான் கொடுத்திருக்காங்க. திருந்தினதுக்குக் கட்டம் இல்லை."

செங்கோடன் போய் மரகதத்தையே கூட்டிவந்தது. மரகதமும் யோசிக்காமல் வந்தது.

"இவன்மேல எனக்கு இப்ப ஒரு வருத்தமும் இல்லைங்க," என்றது. "எங்க வீட்டுக்குப் பாம்பு வந்தப்ப ஓடிவந்து நின்னவன் இவன்தான்."

"அன்னிக்குப் புகார் கொடுத்தது நீதானே?"

"நான்தான். அது அப்போ."

"அன்னிக்கு நடந்தது நடந்ததுதானே?"

"நடந்ததுதான். ஆனா..."

ஏட்டு 'கேஸ் உண்டு' கட்டத்தில் குறி போட்டார். "பாதிக்கப்பட்டவங்களே நேர்ல வந்து உறுதி பண்ணிட்டீங்க. இவ்வளவு பலமான சாட்சியை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை."

வெளியே வரிசையில் ஒரு நரி நின்றுகொண்டிருந்தது. நல்லதம்பி என்று பெயர். அதுவும் அதே வேலைக்குத்தான் சான்றிதழ் கேட்டு வந்திருந்தது.

"தப்பு பண்ணிட்டியே தம்பி," என்றது நரி.

"தெரியும்ணே. அந்த முட்டையை எடுத்திருக்கக் கூடாது."

"முட்டையை யாருடா சொன்னா? கவுதாரியை விட்டியே, அதைச் சொல்றேன்."

விதிப்படி, சான்றிதழ் கேட்பவரின் தெருவுக்குப் போய் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். நரியின் புதருக்கு ஏட்டு புறப்பட்டார். அவர் மனம் இளகாதா என்ற நப்பாசையில் செங்கோடன் அவருடைய லத்தியைச் சுமந்துகொண்டு கூடவே போனது.

ஒரு காலத்தில் முயல்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. இப்போது வளைகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. வாசல்களில் புல் முளைத்திருந்தது.

ஏட்டு நடுத்தெருவில் நின்று கத்தினார். "நல்லதம்பி பேர்ல யாருக்காவது புகார் இருக்கா?"

காற்று அடித்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் காற்று அடித்தது.

"ஒருத்தருக்கும் இல்லை," என்றார் ஏட்டு.

"ஏட்டய்யா, இங்க ஆளே இல்லையே!"

"அதைத்தான் நானும் சொல்றேன். குறை சொல்ல ஒருத்தன்கூட இல்லை. உன் ஓடைக்கரையில போய் நின்னேன், ஆளுக்கொரு கதை சொல்றான். குட்டிங்க சத்தம் போடுதாம், வளை தோண்டின மண்ணை அடுத்தவன் வாசல்ல தள்ளுறியாம்."

"இங்க இருந்த முயலெல்லாம் எங்கண்ணே?" என்று செங்கோடன் நரியைக் கேட்டது.

"நல்ல ஜனங்கப்பா. வெளியூர் போயிட்டாங்க," என்றது நரி. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஏப்பம் விட்டது.

'மிக அமைதியான பகுதி' என்று ஏட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் கொண்டையம்மாள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு உன்னைத்தாம்பா பிடிச்சிருக்கு," என்றார் செங்கோடனிடம். "ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பேப்பர் எங்கேன்னுதானே கேப்பாங்க?"

"அம்மா, அது நரிம்மா."

"எனக்குக் கண்ணு தெரியாதா? பேப்பர் சுத்தமா இருக்கும்போது நரிங்கிறதுக்காக வேண்டாம்னா, பாரபட்சம்னு என்மேல கேஸ் ஆயிடும்பா. அப்புறம் நான் எங்க வேலைக்குப் போறது?"

நரி வேலையில் சேர்ந்தது. மேட்டு அறையின் சாவி அதன் இடுப்பில் தொங்கியது.

முதல் வாரத்திலேயே ஒரு பெட்டைக்கோழி, தன் தங்கையைக் காணவில்லை என்று சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தது. விசாரணை நாளில் பெயரைக் கூப்பிட்டார்கள். புகார்தாரர் ஆஜராகவில்லை. புகாரை முடித்துவைத்தார்கள். அடுத்து சேவல் ஒன்று புகார் கொடுத்தது. அதுவும் ஆஜராகவில்லை. நாளடைவில் புகார்களே வருவது நின்றது. புகாரில்லாத சங்கம் என்று மேலிடத்திலிருந்து பாராட்டு மட்டும் வந்தது. பொதுக்குழு கூடிய அன்று கொண்டையம்மாளும் வரவில்லை. வந்திருந்தது நரி மட்டும்தான். புதிய தலைவராக அது ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

மழை இறங்கியது. ஓடைத் தண்ணீர் வளையின் வாசலைத் தொட்டது. பவளம் குட்டிகளை வளையின் உட்கோடியில் ஒதுக்கிவைத்துக்கொண்டு செங்கோடனைப் பார்த்தது. அந்த நேரத்தில் தலைவர் கூப்பிடுவதாக ஒரு காக்கை வந்து சொன்னது.

தலைவரான பிறகு நரியையும் 'அது' என்று சொல்வதற்கில்லை. நரியார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

"காவலாளி வேலை காலியா இருக்கு தம்பி. வந்து சேர்ந்துக்க."

"என் பேப்பர்ல கேஸ் உண்டுன்னு இருக்கேண்ணே."

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்! என்னைக்காவது ஒருநாள் மேலிடத்திலிருந்து ஆள் வந்து, கோழியெல்லாம் எங்கேன்னு கேட்டா? சங்கத்துல கேஸ் உள்ள ஆள் ஒருத்தனாவது வேண்டாமா? என் பேப்பர் சுத்தம். எனக்கு உன்னை விட்டா யார் இருக்கா?"

செங்கோடன் கொட்டகையைப் பார்த்தது. காவல் காக்க அங்கே ஒன்றும் இல்லை. கீழே ஓடையைப் பார்த்தது. கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை.

"அறை ஒழுகுமாண்ணே?"

"சொட்டு ஒழுகாது."

"சாவியைக் கொடுங்க."

பவளம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேடேறியது. மூலையில் குவிந்திருந்த இறகுகளைப் பரப்பிக் குட்டிகளைப் படுக்கவைத்தது.

"வெதுவெதுன்னு இருக்குங்க," என்றது. செங்கோடன் கதவைச் சாத்தியது.

நீதி: பழைய கேஸ் இருப்பதால் வேலை கிடைக்காது என்று யாரும் மனம் தளர வேண்டாம். முதலாளி புதிய குற்றவாளியாக இருந்தால் போதும்.