வெளியாள் தேவை

"நாலு பேருக்கும் ஒரே மூக்கு. இதுல சேர்மன் யாரு, தம்பிங்க யாருன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

ஆண்டறிக்கையில் இருந்த இயக்குநர்கள் படத்தைக் காட்டிக் கேட்டவர், ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கடையின் கொள்முதல் அதிகாரி. குடைக் கம்பெனியின் செயலாளர் அசடு வழிந்தார். 'இது கம்பெனியா, கல்யாண வீடா?' என்று பத்திரிகை ஒன்று எழுதி ஏற்கெனவே மானத்தை வாங்கியிருந்தது.

"போர்டுல வெளியாள் ஒருத்தராவது வேணும். இல்லேன்னா எங்க கடையில உங்க குடை கிடையாது," என்று அதிகாரியம்மாள் எழுந்துவிட்டார்.

அந்த ஆர்டர் போனால் தொழிற்சாலைக்கே பூட்டுதான். விடுவதில்லை என்று செயலாளர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்.

"என் சம்சாரத்தைப் போட்டுடுங்களேன்," என்றார் சேர்மன். எல்லோரையும் ஒருமையில் விரட்டுகிற மனிதர், செயலாளரிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார். அது தன் திறமைக்குக் கிடைத்த மதிப்பு என்பது செயலாளரின் எண்ணம்.

போட்டார்கள். 'இனி சாப்பாட்டு மேசையிலேயே போர்டு கூட்டம்' என்று பத்திரிகை மறுபடியும் வாரியது.

அடுத்து, இரண்டாவது தம்பி ஒரு பேராசிரியரைக் கூட்டிவந்தார். அதிகாரி மரியாதைக்கு, "எப்படி சார் வந்தீங்க?" என்று கேட்டதும், பேராசிரியர் சேர்மன் மனைவியைக் காட்டினார். "தங்கச்சி கார்லதான்!"

"இதை வாய்விட்டு வேற சொல்லணுமா?" என்று செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்புறம் அவரே அலைந்து, எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஒரு தலைமை நர்ஸைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். முதல் கூட்டத்திலேயே அந்த அம்மாள், "நம்ம குடை ரெண்டாவது மழைக்கே ஒழுகுதே, ஏன்?" என்று கேட்டுவைத்தார்.

தம்பிகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். "வந்த அன்னைக்கே குத்தம் சொல்றதா?"

"கேள்வி கேக்கக் கூடாதுன்னா எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று நர்ஸ் கிளம்பிவிட்டார். மறுநாள் குடை ஒழுகும் சேதியும் பத்திரிகையில் வந்தது.

கொள்முதல் அதிகாரி கடைசி முறையாக வந்தார். "வெளியாள் யாரு? இப்பவே சொல்லுங்க."

செயலாளர் விறைப்பாக எழுந்து நின்றார். "நான்தான் மேடம்."

"நீங்களா?"

"இங்க இருக்கிற ஒருத்தருக்கும் எனக்கும் சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது. நர்ஸம்மா கேட்டதை நானும் கேக்குறேன். சேர்மன் சார், நம்ம குடை ஏன் ஒழுகுது?"

சேர்மனுக்கு முகம் கறுத்தது. ஆனாலும் ஆர்டரை நினைத்து அடக்கிக்கொண்டார். "மட்டமான துணி வாங்கிட்டோம். மாத்திடறோம்."

"இந்தத் துணிச்சல்தான் வேணும்!" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். செயலாளருக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில், கூட்டம் என்றாலே தூங்கிவிடும் கடைசித் தம்பி கண்விழித்தார்.

"என்னண்ணே, உன் பொண்ணையும் கொடுத்தாச்சு, இப்போ பதவியையும் கொடுத்தாச்சு. இனிமேலாவது நம்ம வீட்டு மாப்பிள்ளை முறுக்கைக் குறைச்சுப்பாரா?"