நூற்றெண்பது முன்னோருக்கும் ஒரே பெயர்

தம்பி மகன் யீஃபானுக்கு, பெரியப்பா லியாவ் தேஷெங் எழுதுவது.

நான் நலம். உன் நலம் கேட்கும் மனநிலை இல்லை. நம் குலத்தின் பதினொரு தலைமுறையை நீ அழித்துவிட்டாய்.

பழைய குலப்பதிவேடு வெள்ளத்தில் போனபின், மலையேறிக் கல்லறைக் கற்களைப் படித்து, நானே கற்று நானே எழுதிய நிரலில் ஏற்றிய நூற்றெண்பது பெயர்கள் அவை. எழுத்துக்கு இரண்டு பைட் என்று, கணினியில் சீன எழுத்துக்கான பழைய ஜிபிகே குறியீட்டில் இருபது வருடம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. “அதெல்லாம் பழசு பெரியப்பா, இப்ப எல்லாம் யூடிஎஃப்-8தான்” என்று ஷென்ஜெனிலிருந்து ஒரு பைத்தான் நிரல் அனுப்பினாய். அது பழைய கோப்பைப் புதுக் குறியீடு என்று எண்ணிப் படித்து, புரியாததையெல்லாம் எறிந்துவிட்டு, அந்த இடங்களில் ஒரே அடையாளத்தை வைத்து, அதே கோப்பின்மேல் சேமித்தும்விட்டது. அச்சகத்துக் கணினி அதை ஜிபிகே என்று திறந்ததும் எல்லாப் பெயரும் ‘குன் ஜின் காவ்’ என்ற அதே மூன்று எழுத்தாயிற்று. கணினி தொட்டவன் எவனுக்கும் தெரிந்த குப்பை அது. முன்னோரைக் கும்பிடும் சிங்மிங் அன்று குலக்கோயிலில் அச்சகத்துத் தாளை வாசித்த பிங்வென் சித்தப்பாவுக்கு மட்டும் தெரியாது.

“மூத்தவர் குன் ஜின் காவ். அவர் சம்சாரம் குன் ஜின் காவ். மகன் குன் ஜின் காவ்.” ஒவ்வொருவருக்கும் மண்டியிட்டோம். என் மருமகள், “யாரு மாமா இந்தக் குன் குலத்துக்காரங்க? நமக்குப் பொண்ணு குடுத்தவங்களா?” என்றாள். சித்தப்பா தலை நிமிராமல், “பேசாம கும்பிடும்மா. பெரிய மனுஷன், அதான் அடிக்கடி வர்றாரு” என்றார். வாசலில் வேடிக்கை பார்த்து நின்ற பக்கத்து ஷியோங் குலத்தான் சொன்னான்: “சிக்கனமான ஆளுங்கய்யா நீங்க. ஒரே பேர வச்சுப் பதினோரு தலைமுறை ஓட்டிட்டீங்க.”

அடுத்த மாதம் ஏடு அச்சாகிறது. அச்சானால், குல வழக்கப்படி அடுத்த ஏடு வரும்வரை, முப்பது வருடத்துக்குத் திருத்த முடியாது. ஆகவே அச்சை நிறுத்தச் சொல்லவேண்டியது நீ. மலையேறி நூற்றெண்பது பெயரையும் மறுபடி எழுதிவரவேண்டியது நீ. குலக்கோயிலில் எல்லோர் முன்னும் தலைகுனிந்து நிற்கவேண்டியதும் நீ. கோபம் உன்மேல்தான், உன் பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

பின்குறிப்பு: சாட்சிக்காக உன் நிரலைத் திறந்தேன். புரியாத எழுத்து வந்தால் நின்றுவிடும்படிதான் நீ எழுதியிருக்கிறாய். பதினான்காம் வரியில் ‘நிற்காதே, மாற்றிப்போட்டு ஓடு’ என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறது. பக்கத்தில் ‘தேஷெங் சரிசெய்தது’ என்ற குறிப்பும். முதலில் பழைய கோப்பை நகல் எடுக்கச் சொல்லி நீ இரண்டுமுறை அனுப்பிய செய்தியும் தொலைபேசியில் இருக்கிறது. ஆகவே அச்சை நான் நிறுத்துகிறேன். தலைகுனிவதும் நானே. மலைக்கு மட்டும் நீ வா; என் முழங்கால் முன்போல் இல்லை.