ஆணி அடிக்காத பரண்

என் மூக்கு வேலை செய்யாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார், சொன்னால் சிரிப்பார்.

மாட்டுத்தோலை இரண்டாகச் சீவினால் மேல்தோல் ஷூவாகி வெளிநாட்டுக்காரன் காலுக்குப் போகும். உள்தோல் ஆம்பூர் பக்கத்திலிருக்கும் எங்கள் கம்பெனிக்கு வந்து, எலும்பு வடிவத்தில் முடிச்சுப் போட்டு, சிக்கன் வாசனை ஏற்றி, அதே வெளிநாட்டுக்காரனுடைய நாயின் வாய்க்குப் போகும். நாய் கடித்து விளையாடும் எலும்பு. அதில் நான் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். (தின்று பார்ப்பீர்களா என்று கேட்காதீர்கள். என் கல்யாணப் பந்தியிலேயே பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள்.) பத்து வருடம் அந்த வாசனையில் நின்றதில் மூக்கு ராஜினாமா கொடுத்துவிட்டது.

மாமனாருக்கு ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் கொல்லை. அவர் தன் பெண்ணுக்கு ஒரு வாத்தியாரைப் பார்த்து வைத்திருந்தார். பெண் ஸ்டெல்லா என்னைப் பார்த்து வைத்திருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம் அவர் என்னை வெறும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. சர்ச்சில் போதகர் ஐயரிடம் அறிமுகம் செய்யும்போதுகூட, "இவருதாங்க நம்ம நாய் எலும்பு மாப்ள" என்றார். ஐயர் எனக்குக் கை கொடுத்துவிட்டு, கையை அங்கியில் துடைத்துக்கொண்டார்.

அந்த வருடம் வேர்க்கடலை பிடுங்கப் பத்து நாள் இருக்கும்போது காட்டுப்பன்றிகள் இறங்கின. கொல்லையில் கால்வாசியைக் கிளறிவிட்டன. மிச்சமும் போனால் அடுத்த போகத்துக்கு விதைகூட மிஞ்சாது. மாமனார் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. கூடவே, 'இதைக் காப்பாற்றிக் கொடுத்தால் எலும்பு போய் மாப்பிள்ளை மட்டும் நிற்கும்' என்ற ஆசையும் வந்தது. ஆசை வந்தால் எனக்கு அறிவு வெளிநடப்பு செய்துவிடும்.

போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் நான்கு கால்மேல் பெட்டி போல ஓர் அறை கட்டி, உள்ளே வில்லோடு உட்கார்ந்து, இடுக்கு வழியாக அம்பு விட்டு மான் அடிக்கிறார்.

"மாமா, நான் பரண் கட்டித் தர்றேன். நாலு பக்கமும் அடைச்ச பரண். உள்ள வில்லோட குந்திக்கினா பன்னிக்கு நம்ம வாடையே போவாது."

"பன்னி மேல அம்பு பட்டா ஃபாரஸ்ட்காரன் உங்கள இட்டுனு போய்டுவான். அப்புறம் உங்களுக்கு சோறு யாரு எடுத்துனு வர்றது?"

"பன்னி மேல இல்ல மாமா. கொல்லைக் கோடியில தகர டின்னு கட்டிடுவோம். ரப்பர் முனை வெச்ச அம்பால டின்ன அடிப்பேன். டங்குனு சத்தம் கேட்டா ஓடிடும்."

"அதுக்குக் கல்லு பத்தாதா?"

(கேள்வி நியாயமானது. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.)

கம்பெனியில் நிறம் சரியில்லை என்று நானே கழித்துப்போட்ட தோல் ஒரு குவியல் கிடந்தது. தண்ணீரில் ஊறினால் துணி, காய்ந்தால் பலகை. பரணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேனேஜர், இடம் காலியானால் போதும் என்று கொடுத்துவிட்டார். உலர்த்தும் பிரிவில் இருக்கும் என் சிநேகிதன் பாஷாதான் வண்டியில் ஏற்றும்போது நிறுத்தினான்.

"தோஸ்த், இது சிக்கன் ஏத்துன லாட்டுடா."

"பரணுக்கு இன்னாடா சிக்கனு, மட்டனு? காஞ்சா கல்லு மாதிரி நிக்கும்."

அவன் மிச்சத்தையும் தூக்கி வண்டியில் போட்டான். "சரி, உன் இஷ்டம்" என்றான். நல்ல சிநேகிதனாக இருந்தால் அன்றே என்னைக் கட்டிப்போட்டிருப்பான்.

சனிக்கிழமை நான்கு சவுக்குக் கம்பங்களை ஒரு சாண் ஆழத்தில் நட்டு, சாயாமலிருக்க இடுப்பு உயரத்தில் முட்டுக் கம்புகள் கொடுத்தேன். பத்தடி உயரத்தில் பலகை. ஓர் ஆணி அடிக்கவில்லை. எல்லா மூட்டிலும் ஈரத்தோல் வார்தான். காய்ந்தால் இரும்பு மாதிரி இறுகிக்கொள்ளும். ஒரு செவலை நாய் காலையிலிருந்து வரப்பில் உட்கார்ந்து நான் போடும் ஒவ்வொரு முடிச்சையும் பார்த்துக்கொண்டிருந்தது. "பாருங்க மாமா, இப்பவே காவலுக்கு வந்துட்டான்" என்றேன். ஞாயிறு சர்ச் முடிந்து வந்து நான்கு பக்கமும் தோலை இழுத்துத் தைத்தேன். மீந்த தோலைக் கம்பங்கள் தெரியாமலிருக்கப் பாவாடை மாதிரி கீழே தொங்கவிட்டேன்.

அத்தை சாப்பாட்டுத் தூக்கோடு வந்து மேலே பார்த்தாள். "இன்னா மாப்ள, கோழிக் குழம்பு வாசன வருது? நான் சாம்பாருதானே வெச்சேன்?"

"பசியில அப்பிடி இருக்கும் அத்த."

ஏணியில் ஏறி உள்ளே போனேன். "பன்னி பொழுது சாய வரும். அதுவரைக்கும் யாரும் கொல்லப் பக்கம் வராதீங்க. மனுஷ வாடை ஆவாது" என்று தளபதி மாதிரி உத்தரவு போட்டுவிட்டு, வாசல் தோலை இறக்கி, உள்பக்கமாக நான்கு முடிச்சுப் போட்டேன். ஈர வார். மதியம் இரண்டு மணி. வேலூர் மாவட்டத்து வெயில். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

உள்ளே ஆவி பறந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. முழித்தபோது கீழே யாரோ மூச்சு வாங்கும் சத்தம். இடுக்கு வழியாகப் பார்த்தேன். செவலை. பக்கத்தில் ஒரு கறுப்பு. அதன் பின்னால் ஒரு குடும்பம். வரப்பு மேல் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள், சொல்லியனுப்பிய மாதிரி. பாவாடை முழுக்க வாய்.

வாசலைத் திறக்கப் போனேன். முடிச்சு நான்கும் கல்லாகியிருந்தன. நகம்தான் பிய்ந்தது. சரி, வில் இருக்கிறதே என்று தகர டின்னைக் குறிபார்த்து அம்பு விட்டேன். டின்னைத் தவிர எல்லாப் பக்கமும் போகக்கூடிய அம்பு அது. கறுப்பு நாய் ஓடிப்போய் அதைக் கவ்விக்கொண்டு வந்து ஏணியடியில் வைத்து வாலாட்டியது. இரண்டாவது அம்பையும் கொண்டுவந்தது. மூன்றாவதை விட எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாங்க, பன்னி வந்துடுச்சா?"

"பன்னி இல்ல. நாய்."

"எத்தினி?"

"ஊருல எத்தினி இருக்குது?"

"தொரத்திட்டு எறங்கி வாங்க."

"எறங்க முடில. கதவு தெறக்கல. அப்பாவ வரச் சொல்லு, சீக்கிரம்!"

பேசிக்கொண்டிருக்கும்போதே பரண் லேசாகத் தலையாட்டியது. அப்போதுதான் உறைத்தது. பாவாடை முடிந்து அவர்கள் முட்டுக் கம்பு மூட்டுகளுக்கு வந்துவிட்டார்கள். நான் கட்டிய ஒவ்வொரு முடிச்சும் எங்கள் கம்பெனி ஏற்றுமதி செய்கிற அதே முடிச்சு. கடிப்பதற்கென்றே போடுகிற முடிச்சு! பத்து வருடம் தரம் பார்த்தவன், அதைத் தின்பவர்கள் யார் என்பதையே மறந்துவிட்டேன். ஓர் ஆணி, ஒரே ஓர் ஆணி அடித்திருக்கக் கூடாதா பாவி?

மாமனார் கொடுவாளோடு ஓடிவருவது இடுக்கில் தெரிந்தது. பின்னால் ஸ்டெல்லா, அத்தை. அவர்கள் வரப்பில் கால் வைத்த நேரத்தில் செவலை கடைசி வாரைக் கடித்தது. பரண் அவசரமில்லாமல் சாய்ந்து, பெட்டி பிரியாமல், தண்ணீர் பாய்ச்சியிருந்த பக்கத்துப் பாத்திச் சேற்றில் பொத்தென்று இறங்கியது. உள்ளே நான், பார்சல் மாதிரி. நான்கு பக்கமும் நக்கும் சத்தம்.

"எலும்பு மாப்ள, உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன் மாமா."

"கால மடக்கிக்குங்க. வெட்டப் போறேன்."

வெட்டினார். சேறும் வியர்வையுமாகத் தலையை வெளியே நீட்டினேன். செவலை என் முகத்தை முழுவதும் நக்கியது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். ஸ்டெல்லா அந்த மரியாதைகூடத் தரவில்லை, வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு ரொம்ப வலித்தது. அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் அவருக்குப் போன் செய்யும் தைரியம் இல்லை. பதினோராம் நாள் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்து நின்றார். நாய்கள் கொல்லையை விட்டுப் போகவே இல்லையாம். ஆளுக்கொரு துண்டோடு பாத்திக்குப் பாத்தி படுத்து, இராப்பகலாகக் கடித்திருக்கின்றன. பன்றிகள் மலையை விட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். மிச்சமிருந்த கடலை முழுக்க வீடு வந்து சேர்ந்துவிட்டது. விதைக்கும் எடுத்து வைத்தாயிற்று. இதைச் சொல்லிவிட்டு, மூன்று வருடத்தில் முதல்முறையாக எங்கள் வீட்டில் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

போன மாதம் ஸ்டெல்லாவின் அக்கா புது வீட்டுக்குப் பிரதிஷ்டை வைத்தாள். ஜெபம் முடிந்து எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஐயர் சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்லா கட்டிருக்காங்க" என்றார்.

மாமனார் என் பக்கம் கையைக் காட்டினார். "மேஸ்திரி கட்டுனதுங்க. எங்க மாப்ள கட்டிருந்தா இன்னும் ருசியா இருந்திருக்கும்."

பந்தியே சிரித்தது. இனி எங்கள் சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. எங்க மாப்ள என்றுதான் சொன்னார். எலும்பைக் காணவில்லை.