ஆயிரத்தொன்பதாவது நாற்காலி

இந்தக் காலத்தில் எவனுக்கும் ஒழுங்காக உட்காரத் தெரியாது; நாற்காலி மட்டும் ஒழுங்காக நிற்க வேண்டுமாம். வாடகை நாற்காலிக் கடை மேஸ்திரி எண்ணெயில் விழுந்த கடுகாய் வெடித்துக்கொண்டிருந்தார்.

கணக்கு வாத்தியார்கள் மாநாடு. ஆயிரத்தொன்பது நாற்காலி கேட்டிருந்தார்கள். வரிசையெல்லாம் சமமாக இருக்க வேண்டுமாம். "ஒரு வரிசை மொட்டையா நின்னாலும் நாளையிலேருந்து வீட்டுலயே இரு" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வரிசைக்குப் பன்னிரண்டு போட்டார். ஒன்று மிஞ்சியது. அத்தனையையும் கலைத்துப் பதினான்கு போட்டார். ஒன்று மிஞ்சியது. இடுப்பு ஒடியப் பதினாறு போட்டார். அப்போதும் ஒன்று, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி தனியாக நின்றது.

மாநாட்டு வேலையாக வந்திருந்த அவருடைய மருமகள், கணக்கு டீச்சர், மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மாமா, ஆயிரத்தொன்பது பகா எண். நாலு இலக்கத்துல முதல் பகா எண்ணே இதுதான். தலைகீழா நின்னாலும் சமமாப் பிரியாது. எல்லாத்தையும் ஒரே வரிசையாப் போட்டாத்தான் உண்டு."

"கடைசி ஆளு பக்கத்து ஊர்லல்ல உட்காருவான்?"

"ஆனா ஒண்ணு குறைஞ்ச ஆயிரத்தெட்டு இருக்கே, தங்கமான எண். பன்னிரண்டு, பதினாலு, பதினாறு, எதுலயும் பிரியும். அதான் எப்பவும் ஒண்ணு மிஞ்சுது. எவ்வளவு அழகு பாருங்க."

"எனக்கு வேலை போகுது, உனக்கு அழகு தெரியுதா?"

எண்ணாவது, பிரியாமல் இருப்பதாவது. படித்தவன் எவனோ கைதவறி ஒன்று கூட்டிக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்த லாரியில் அந்த ஒற்றை நாற்காலியைத் தூக்கிப் போட்டார். லாரி போய்விட்டது. மிச்சமெல்லாம் கயிறு பிடித்த மாதிரி நின்றன.

"பிரியாதுன்னியே, இப்ப என்ன சொல்றே?"

"இப்ப அது வேற எண்ணு மாமா."

"ஒண்ணே ஒண்ணு வெளியே போனா மொத்தக் குணமும் மாறிடுமா?"

"அத்தை ஊருக்குப் போனா நம்ம வீடு மாறலையா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பகா எண்ணும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கேட்டவனுக்கு எண்ணத் தெரியல" என்று முணுமுணுத்தபடி வாசலைப் பார்த்து நடந்தார்.

மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த மைக்செட்காரன் அவர் முதுகுக்குக் குரல் கொடுத்தான்:

"பெரியவரே, கீழே ஆயிரத்தெட்டுப் பேருக்கும் ஜோராப் போட்டுட்டீங்க. மேடையில தலைவருக்கு ஒண்ணு எங்கே?"