மாப்பிள்ளையின் டிரெய்லரில் மாமனார் மாட்டிய டிவி

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் சௌக்கியம். நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. நீங்கள் ஆசை ஆசையாக வாங்கி, ஒரு மாதத்துக்கு எங்களிடம் ஒப்படைத்த, காரில் பூட்டி இழுக்கும் வீடான டிரெய்லர், ஏரிக்கரைச் சுற்றுலா முகாமில் நலமாக நிற்கிறது. பெரும்பகுதி நலம்.

விஷயம் இதுதான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை காலை நீட்டிப் படுத்துத்தான் தொடர் பார்க்க முடியும். கட்டில் ஒரு கோடி, நான் உட்காரும் மேஜை மறு கோடி, நாங்கள் கொண்டுவந்த டிவி ஒன்று. ஆகவே இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய இரும்புக் கை ஒன்றை வாங்கிப் பக்கச் சுவரில் மாட்டி, அதை உங்களுக்கே அன்பளிப்பாக விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வரைபட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கோடு போட்டவன் நான். படம் போட்டு, அளவெடுத்து, பென்சிலால் நான்கு புள்ளி வைத்த பிறகே டிரில்லைத் தொட்டேன். படத்தில் சுவர் கெட்டியாக இருந்தது. நிஜத்தில் மெல்லிய பலகை, அதற்குள் பஞ்சு மாதிரி ஏதோ, அதற்கப்புறம் தகடு, அதற்கப்புறம் வெட்டவெளி. முதல் ஓட்டை வழியாகவே பக்கத்து டிரெய்லர் அம்மாள், உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று விசாரித்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். உள்ளே வந்து, கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"இது பல்லு இல்லைங்க, ஈறு. இதுல எதுவும் நிக்காது."

பல் டாக்டருக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும் என்று இன்னும் தடித்த திருகாணியாகப் போட்டு முறுக்கினேன். டிவி நின்றது, இரண்டு நாள். மூன்றாம் நாள் தண்ணீர் பிடிக்க டிரெய்லரைக் காரில் பூட்டி முகாமின் மறுமுனைக்கு இழுத்துப் போனோம். கிளம்பும்முன் அந்தக் கையை மடக்கிக் கட்ட வேண்டுமாம், கட்டவில்லை. முதல் வளைவிலேயே அது தன்னிஷ்டத்துக்குத் திரும்பியிருக்கிறது. முன்னால் காரில் இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இடத்துக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், டிவி ஃப்ரிட்ஜ் கதவை இடித்துத் திறந்து, பாலையும் முட்டையையும் கொட்டி, சாப்பாட்டுத் தட்டளவு சுவரைத் தகட்டோடு பிய்த்துக்கொண்டு, அத்தையின் கட்டிலில் மல்லாந்து கிடந்தது. சுவர் இருந்த இடத்தில் வெளிச்சம். அத்தை கைத்தடியால் டிவியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு நாளும் நீங்க உங்க பக்கமே திருப்பி வச்சிருந்தீங்க. இப்பவாவது என் கட்டிலுக்கு வந்துச்சே."

வீட்டிலும் ரிமோட் என் கையில்தான் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. கீறல்கூட விழாத டிவியையும் அந்த இரும்புக் கையையும் அன்றே டாக்டரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஓட்டையை அடைத்து, ஒட்டி, பெயின்ட் அடித்தாயிற்று. உற்றுப் பார்க்காத வரை தெரியாது. நீங்கள் உற்றுப் பார்க்கிறவர் இல்லை. இனி டிரில்லைக் கையால் தொடுவதில்லை. மாலை முழுக்க நானும் அத்தையும் ஏரியைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருக்கிறோம். டிவி இல்லாத வாழ்க்கையின் அருமை இந்த வயதில்தான் புரிகிறது.

நீங்கள் இருவரும் கெட்டியான சுவர்களுக்கு நடுவே நீண்ட காலம் நிம்மதியாக வாழ வாழ்த்தும்,
உங்கள் மாமா.

பி.கு.: மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதினேன். இன்று ஞாயிறு. டாக்டரம்மா தன் சுவரைத் தட்டிப் பார்த்து, பல் இருக்கும் இடமாகத் தேடி, கால் மணி நேரத்தில் டிவியை மாட்டிவிட்டார். இரண்டு படி ஏற முடியாத அத்தை இப்போது தினமும் மூன்று படி ஏறி அங்கே போய்விடுகிறாள். ஏரியை நான் மட்டும்தான் பார்க்கிறேன். நேற்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் டிவியை இந்தப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தார்கள். நம் சுவரில் அடைத்ததைப் பிரித்துவிட்டுப் பார்த்தால், அவர் ஜன்னல் வழியே படம் துல்லியமாகத் தெரிகிறது. அந்த இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் வைத்தால் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காதே? அளவு எடுத்துவிட்டேன்.