நடந்து காட்டிய மாப்பிள்ளை

ஒருவனைப் பார்த்ததும் "நல்லா இருக்கியா?" என்று கேட்காமல், "இன்னாப்பா, வளரவே இல்லியா?" என்று கேட்கும் உரிமையை நம் ஜனங்களுக்கு யார் கொடுத்தது? நான் குள்ளம். அது எனக்கே தெரியும். ஆனாலும் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது. ஞாபகப்படுத்த ஒருவர் வந்துவிடுவார்.

இந்த லட்சணத்தில் எனக்கு நிச்சயமான கலைவாணி என்னைவிட உயரம். (கொஞ்சம்தான். சரி, கொஞ்சத்துக்கு மேல்.) கல்யாணத்துக்கு முன்பே கோட்டையில் ஜோடியாக போட்டோ எடுக்க வேண்டும் என்று முடிவானதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆன்லைனில் குதிகால் மெத்தை வாங்கினேன். ஷூவுக்குள் வைத்தால் உயரம் கூடும், வெளியே தெரியாது. கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது சீதனமாகக் கோட்டையையே எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம் போலிருந்தது.

போட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணா, நீங்க அந்தக் கல்லு மேல ஏறிக்கோங்க. அக்கா கீழயே நிக்கட்டும்."

மெத்தை போட்டும் கல்லா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கல்லெல்லாம் வேணாம். நடந்து வர்ற மாதிரி எடுங்க" என்றேன். அங்கேதான் கெட்டேன்.

படியிறங்கும்போது இடது ஷூவுக்குள் மெத்தை நழுவி விரல்களுக்கடியில் சுருண்டுகொண்டது. ஒரு கால் மேடு, ஒரு கால் பள்ளம். துணைக்கு வந்திருந்த கலைவாணியின் தம்பி முரளி என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவன் முன்னால் ஷூவைக் கழற்றுவதா? விந்தி விந்தி நடந்தேன்.

"இன்னா மாமா, காலு வலிக்குதா?"

"இல்லியே. என் நடையே இப்படித்தான்" என்றேன். (வாயில் சனி.)

சாயங்காலம் பெண்வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கலைவாணியின் பெரியப்பா காபியைத் தொடவில்லை.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் நடந்து காட்டுங்க."

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை நடக்கச் சொல்வதே அநியாயம் என்று மேடை போட்டுப் பேசக்கூடியவன் நான். என் வீட்டுக் கூடத்தில், வெறுங்காலோடு, சுவருக்கும் டிவிக்கும் நடுவே போய் வந்தேன். திரும்பச் சொன்னார்கள். திரும்பினேன்.

"காலு நல்லாத்தான் இருக்குது" என்றார் பெரியப்பா.

முரளி மட்டும் நெற்றியைச் சுருக்கினான். "ஆனா காலைல பாத்ததுக்கு ஆளு கொறஞ்சாப்ல இருக்குதே?"

நைனா எழுந்துபோய் என் ஷூவைக் கொண்டுவந்து, உள்ளே கைவிட்டு, இரண்டு மெத்தைகளையும் காபி டம்ளர்களுக்குப் பக்கத்தில் வைத்தார். பெற்ற தகப்பன் செய்கிற வேலையா இது?

அன்று கலைவாணி போனில் என்னைவிடக் கோபமாக இருந்தாள்.

"நீங்க குள்ளம்னு பொண்ணு பாக்க வந்தன்னிக்கே தெரியும். காலு சரியில்லன்னு தம்பி சொன்னப்பதான் பக்குன்னு ஆச்சு. அதக் கூட சொல்லலியேன்னு. நானும் காலைலேர்ந்து முட்டிய மடக்கி, கழுத்த குனிஞ்சி நின்னுக்கினு இருந்தேன். இப்போ கழுத்து திரும்பல."

"நீ எதுக்குக் குனிஞ்ச?"

"ஸ்கூல்ல என்னை ஒட்டடக்குச்சின்னு கூப்புடுவாங்க."

உயரமாக இருப்பதற்கும் ஒருத்தி கூனிக் குறுகுவாள் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. எங்கள் இருவரையும் இப்படி ஆக்கிய அத்தனை பேர் மீதும் ரொம்ப நேரம் சேர்ந்து கோபப்பட்டோம். கல்யாணத்துக்கு அவள் ஹீல்ஸ் போட்டாள், நான் சாதாரணச் செருப்பு.

ஆனால் "மாப்பிள்ளைக்குக் கால் சரியில்லையாம்" என்ற சேதி போன ஊருக்கெல்லாம், "சரியாகத்தான் இருக்கிறது" என்ற சேதி போகவில்லை. போன மாதம் ஒரு வளைகாப்பில், முன்பின் பார்த்திராத ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "இப்போ காலு தேவலாமாப்பா?" என்று உருகினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கலைவாணி முந்திக்கொண்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"தைலம் தடவுறோம் அத்தே. நல்லாவே நடக்கறாரு."